“முழுங்குங்க”, “முழுங்காதீங்க”: கழுத்துக்குள் ஒரு நொடி

கழுத்தில் ஏதோ கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது என்று போனால், மருத்துவர் நம் பின்னால் வந்து நின்று, இரண்டு கை விரல்களையும் தொண்டைக்குழிக்கு மேலே வைத்துக்கொண்டு, “எச்சிலை முழுங்குங்க” என்பார். பயத்தில் வாய் உலர்ந்து எச்சில் வராவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். முழுங்கும்போது கட்டியும் கூடவே ஏறி இறங்கினால், அது தைராய்டு சுரப்பியில் இருப்பது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தைராய்டு குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. குரல்வளை ஏறினால் அதுவும் ஏறியே ஆக வேண்டும். ஒரே ஓர் அசைவை வைத்து, கழுத்துக்குள் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று விரல் நுனியில் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனை எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அதே ஆளைக் கழுத்து ஸ்கேனுக்கு அனுப்பினால், அங்கே டெக்னீஷியன் சொல்வது வேறு: “ஆடாம படுங்க. எச்சில் முழுங்காதீங்க.”

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, இந்த இரண்டு கட்டளைகளும் ஒரே வாரத்தில் ஒரே மனிதரிடம் சொல்லப்பட்டதைக் கேட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு. அதிலிருந்து தெறித்த துணுக்கு மூளையில் போய் அடைத்ததால் பக்கவாதம். பக்கவாதத்தால் முழுங்க முடியாத சிரமம். தொண்டையைப் பார்க்கிறவர்கள் முழுங்கச் சொன்னார்கள், தமனியைப் பார்க்கிறவர்கள் முழுங்காதே என்றார்கள். வாயில் ஊறும் எச்சிலையே சமாளிக்க முடியாத மனிதர் எம்.ஆர்.ஐ. கூண்டுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு என்ன செய்வார்? கழுத்துப் படங்களில் பாதி கலங்கலாகத்தான் வந்தன.

தொண்டைக்காரர்களுக்கு அந்த அசைவுதான் தகவல். தமனிக்காரர்களுக்கு அதே அசைவு படத்தைக் கெடுக்கும் தொந்தரவு. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் கழுத்து அசையாமல் இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்து, முழுங்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் தமனிக்குக் கோளாறு நேரும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அரிதானவர்கள்தான். முழுங்காதே என்று சொல்லி எடுக்கும் படத்தில் அவர்களுடைய நோய் தெரியவே தெரியாது. அந்த நொடியைப் படம் பிடிக்க மருத்துவம் நூற்றுச் சொச்சம் வருடங்களாகப் படும் பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மிடறு

தமிழில் மிடறு என்றால் தொண்டை. ஒரு தடவையில் முழுங்கும் அளவுக்கும் அதே பெயர்: ஒரு மிடறு தண்ணீர். விழித்திருக்கும்போது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சில் முழுங்குகிறோம், தூக்கத்தில் மிகக் குறைவு. சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டால் நாளொன்றுக்குப் பல நூறு தடவை. இதில் ஒன்றைக்கூட நாம் கவனிப்பதில்லை.

மென்று உருட்டும் வரைதான் உணவு நம் பொறுப்பில் இருக்கிறது. நாக்கு அதைப் பின்னால் தள்ளியதும் மூளைத்தண்டு வேலையை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு பாதியில் நிறுத்த முடியாது. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள், மூளையிலிருந்து நேராக வரும் ஐந்து ஜோடி நரம்புகள், எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு நொடிக்குள் காரியத்தை முடிக்கின்றன. மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை மூடி பின்னோக்கிக் கவிழ்கிறது. உணவுக்குழாயின் வாயில் எந்நேரமும் இறுகி மூடியிருக்கும் தசை வளையம் தளர்ந்து திறக்கிறது. உணவு உள்ளே போனதும் வளையம் மூடி, குரல்வளை இறங்கி, மூச்சு திரும்புகிறது. பெரும்பாலும் அந்த முதல் மூச்சு வெளிமூச்சாகவே இருக்கும். தொண்டையில் எதாவது மிச்சம் ஒட்டியிருந்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் வெளியே ஊதிவிட அது தோது.

இந்த அசைவு முழுவதற்கும் அச்சாணி நாவடி எலும்பு. தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவில் லாடம் வடிவில் இருக்கிறது. வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல், தசைகளும் நார்களும் பிடித்துக்கொள்ள, ஊஞ்சல் பலகை மாதிரித் தொங்குகிறது. முழுங்கும்போது தாடையின் அடித்தசைகள் இதை மேலேயும் முன்னேயும் இழுக்கின்றன. அதனோடு குரல்வளையும், ஆண்களுக்குக் கழுத்தில் துருத்தித் தெரியும் அந்தச் சங்கும், சுமார் இரண்டு சென்டிமீட்டர் எழும்புகின்றன. இந்த இழுப்பு பலமாக இருந்தால்தான் குரல்வளை நாக்கின் அடியில் ஒளிந்துகொள்ளும், பின்னாலிருக்கும் உணவுக்குழாயின் வாயும் விரியும். இழுப்பு தளர்ந்தால் புரையேறும். புரையேறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். உண்மையில் நடந்தது, தண்ணீர் வந்து சேர்வதற்குள் கதவு மூடவில்லை என்பதுதான்.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன கழுத்துத் தமனிகள். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் ஆறேழு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தமனி, பெரிய சிரை, வேகஸ் நரம்பு மூன்றும் ஒரே உறைக்குள் போகின்றன. குரல்வளையின் மேல்விளிம்புக்கு அருகில் தமனி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கு. கொழுப்பு படிவதற்குப் பேர்போன இடம் இந்தப் பிரிவுதான். நாவடி எலும்பின் பின்நோக்கிய கொம்புகள் முடிவதும் இதற்குப் பக்கத்தில்தான். இந்த அண்மை பின்னால் முக்கியமாகும்.

மோட்டார் குழாய் கிணற்றுச் சுவரோரம் செங்குத்தாக நிற்க, அதை உரசாமல் வாளி ஏறி இறங்குவது மாதிரி, தமனி நிற்கும் இடத்தில் நிற்க, குரல்வளை அதன் பக்கத்தில் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தளர்வான திசுப் படலங்கள் வழுக்கிக் கொடுக்கின்றன. இதைக் கையால் சோதிக்கவும் வழி உண்டு. தமனி பிரியும் இடத்தில் வரும் ஒரு வகைக் கட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், மேலும் கீழும் நகர்த்த முடியாது. ஃபோன்டைன் அடையாளம் என்பார்கள். தைராய்டுக் கட்டியோ முழுங்கினால் ஏறுகிறது. கட்டி எந்தத் திசையில் அசைகிறது என்பதே அது எதன் சொத்து என்று சொல்லிவிடுகிறது.

ஆனால் தமனி அப்படியே கல்தூண் மாதிரி நிற்பதும் இல்லை. தொண்டைச் சுவர் சுருங்கி, குரல்வளை எழும்பும்போது அதுவும் மில்லிமீட்டர் கணக்கில் விலகிக்கொடுக்கிறது, சற்றே முறுக்கிக்கொள்கிறது. சாதாரணமாக இதனால் ஒரு கேடும் இல்லை.

வாத்தும் பேரியமும்

முழுங்குவதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. வாயைத் திறந்து பார்க்கலாம் என்றால், வாயைத் திறந்துகொண்டு முழுங்குவது கிட்டத்தட்ட இயலாத காரியம். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோதுதான் இந்த இருட்டுக்குள் முதல் வெளிச்சம் விழுந்தது. அடுத்த வருடமே, ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரான வால்டர் கேனன், உடன் படித்த ஆல்பர்ட் மோசரோடு சேர்ந்து, பேராசிரியர் ஹென்றி பௌடிச் கொடுத்த யோசனையின்படி இதைத் தொடங்கினார். 1896 டிசம்பரில் ஒரு நாய் ஒரு பொத்தானை முழுங்க, அது உணவுக்குழாயில் இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தார்கள். பிறகு வாத்து. நீண்ட கழுத்து, இறங்குவதை நிதானமாகப் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் உணவு தெரியாது என்பதால் பிஸ்மத் உப்பைக் கலந்து ஊட்டினார்கள். 1898-ல் இது கட்டுரையாக வெளிவந்தது. பிஸ்மத்தின் இடத்தில் பின்னாளில் பேரியம் வந்தது. இன்றைக்கும் அதுதான்.

பின்னாளில் உடலியலில் பெரும்பேர் பெற்ற கேனனை வயதான காலத்தில் கடுமையான தோல் நோய் தாக்கியது. இளமையில் பாதுகாப்பில்லாமல் எக்ஸ்ரேக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்ததுதான் காரணம் என்று கருதப்பட்டது. அந்த ஒரு நொடியைப் பார்க்க அவர் கொடுத்த விலை அது. அவருக்குப் பின் வந்த கருவிகளும் ஒவ்வொரு விதமான விலை கேட்கின்றன.

1980களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரி லோக்மன் போன்றவர்களின் உழைப்பால், பேரியம் எக்ஸ்ரே முழுங்குவதற்கென்றே ஒரு தனிச் சோதனையாக உருப்பெற்றது. நோயாளி உட்கார்ந்திருப்பார். பேரியம் கலந்த தண்ணீர், கொஞ்சம் கெட்டியான திரவம், கூழ் பதத்தில் ஒன்று, பிஸ்கட் என்று சிறு சிறு அளவில் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். நொடிக்கு 30 படம். நாவடி எலும்பு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் எழும்புகிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது ஒன்றரை மில்லிமீட்டர் போல நகர்ந்துவிடுகிறது. கதிர்வீச்சைக் குறைக்கலாமே என்று நொடிக்கு 15 படம் எடுத்தால் நகர்வு அதைப்போல் இரண்டு மடங்கு. திரவம் குரல்நாண்களைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் கண நேரம் அந்த இடைவெளியில் விழுந்து மறைந்துவிடக்கூடும். எனக்குத் தெரிந்தவரை இதில் சிக்கனம் பிடிப்பது சரியல்ல. சோதனை நேரத்தைக் குறைக்கலாம், படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

பெரியப்பாவின் வீடியோவை நான் பார்த்தேன். வீட்டில் அவர் காபி குடிக்கும்போது இருமியதே இல்லை. அதனால் அவர் நன்றாக முழுங்குகிறார் என்றே நம்பினோம். சில நாளுக்கொரு முறை காய்ச்சல் வந்தது மட்டும் புரியவில்லை. திரையில், அவர் தண்ணீரை முழுங்கி முடித்து நிதானமாக உட்கார்ந்திருக்க, ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மூச்சுக்குழாயின் முன்சுவர் வழியாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை. முகத்தில் சலனம் இல்லை. தொண்டையின் உணர்ச்சி நரம்புகள் செயலிழந்தால் புரையேறுவதே தெரியாமல் புரையேறும். இருமவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கோடு பெரிய அடி.

இது ஒருவர் வீட்டுக் கதை மட்டுமல்ல. பக்கவாதம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு முழுங்கும் கோளாறு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2005-ல் வெளியான கட்டுரை ஒன்று சொல்லும் எண்கள் இவை: மேலோட்டமாகச் சோதித்தால் 37 முதல் 45 சதவீதம், பயிற்சி பெற்றவர் முறைப்படி சோதித்தால் 51 முதல் 55, கருவி வைத்துப் படம் பிடித்தால் 64 முதல் 78. எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. படம் எடுக்காவிட்டால் பலர் கண்ணில் படாமலே போகிறார்கள்.

1988-ல் சூசன் லாங்மோர் குழுவினர் இன்னொரு வழியை அறிமுகப்படுத்தினார்கள். மூக்கு வழியாக, நுனியில் லென்ஸ் உள்ள மெல்லிய குழாயான என்டோஸ்கோப்பை விட்டு, தொண்டையை மேலிருந்து பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை. படுக்கைக்குப் பக்கத்திலேயே செய்யலாம். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டையே கொடுத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு குறை, அதுவும் மர்மமான குறை: சரியாக முழுங்கும் கணத்தில் தொண்டைச் சுவர்கள் நெருங்கி லென்ஸை மூடிக்கொள்ள, திரை வெள்ளையாகிவிடும். முன்னால் நடந்தது தெரியும், பின்னால் மிஞ்சியது தெரியும், நடுவில் நடந்தது தெரியாது.

எக்ஸ்ரே வீடியோவிலும் சரி, என்டோஸ்கோப்பிலும் சரி, கழுத்துத் தமனி இல்லவே இல்லை. எக்ஸ்ரேக்கு ரத்தமும் தசையும் ஒன்றுதான். என்டோஸ்கோப்புக்குச் சுவருக்கு அப்பால் பார்வை கிடையாது. எப்போதாவது, வயதானவர்களுக்குத் தமனி நீண்டு வளைந்து தொண்டையின் பின்சுவரை ஒட்டி வந்திருந்தால், அந்தச் சுவர் துடிப்பது தெரியும். காது மூக்கு தொண்டை அறுவை செய்பவர்கள் அதைக் கண்டால் கத்தியை எடுப்பதற்கு முன் நிதானிப்பார்கள். இந்த வளைந்த தமனிகளில் சில ஓரிடத்தில் நிலையாக இருப்பதும் இல்லை. ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாட்களில் எடுத்த ஸ்கேன்களில், ஒன்றில் தமனி தொண்டைக்குப் பின்னாலும் இன்னொன்றில் வழக்கமான பக்கவாட்டிலும் இருந்ததை ரேடியாலஜி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கலங்கலும் தெளிவும்

தமனியின் உள்சுவரையும் அதில் படிந்த கொழுப்பையும் நுணுக்கமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. நல்ல கருவி. ஆனால் அது கேமரா மாதிரி சட்டென்று படம் பிடிப்பதில்லை. கோலத்துக்கு வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பதுபோல, நூற்றுக்கணக்கான அளவீடுகளைச் சேர்த்துத்தான் ஒரு படத்தைக் கட்டுகிறது. தமனிச் சுவருக்கான அளவீடுகளை ஒருமுறை எடுத்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆகும். சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். அந்தச் சில நிமிடங்களில் படுத்திருப்பவர் நாலைந்து தடவை முழுங்கிவிட்டால், ஒவ்வொரு தடவையும் தமனி நகர்ந்து திரும்பி, சுவர் இரட்டைக் கோடாகவோ மங்கலாகவோ விழும். கெட்டுப்போவது அந்த நொடியில் எடுத்த அளவீடு மட்டுமல்ல, படம் முழுக்க அதன் நிழல் பரவும். அதனால்தான் முழுங்காதே என்கிறார்கள். அப்படிச் சொன்னதுமே வாயில் எச்சில் ஊறத் தொடங்குவது படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடையிடையே நிறுத்தி “இப்போ முழுங்கிக்கோங்க” என்று சொல்வது ஒரு வழி. முழுங்கியதைக் கருவியே கண்டுபிடித்து, அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பது இன்னொரு வழி.

எம்.ஆர்.ஐ.யையே வேகமாக்கினால்? ஜெர்மனியின் கோட்டிங்கனில் யென்ஸ் ஃபிராம் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தார். 1985-ல் அவர் குழு கொண்டுவந்த முறை நிமிடக்கணக்கை நொடிக்கணக்காக்கியது. 2010-ல், மிகக் குறைவான அளவீடுகளிலிருந்து கணக்குப் போட்டே முழுப் படத்தை மீட்கும் முறையால் 20 மில்லிநொடிக்கு ஒரு படம் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். அதே முறையில் முழுங்குவதையும், சுமார் 40 மில்லிநொடிக்கு ஒரு படமாக, ஓடும் காட்சியாகவே எடுத்தார்கள். குடிக்கக் கொடுத்தது பேரியம் அல்ல, அன்னாசிப் பழச்சாறு! அதிலுள்ள மாங்கனீசு எம்.ஆர்.ஐ.யில் வெளிச்சமாகத் தெரியும். நாக்கு, அண்ணம், தசைகள், குரல்வளை எல்லாம் கதிர்வீச்சே இல்லாமல் அசைவதைப் பார்க்கலாம். ஆனால் மல்லாந்து படுத்துத்தான் குடிக்க வேண்டும். யாரும் அப்படிக் குடிப்பதில்லை. வேகத்துக்காகத் தெளிவையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தமனிச் சுவரின் நுணுக்கம் அதில் வராது.

முப்பரிமாணத்தில், நொடிக்குள், எலும்பும் குழாயும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றால் சிடி ஸ்கேன்தான். பழைய சிடி கழுத்தைத் துண்டு துண்டாக எடுக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் முழுங்கி முடிந்துவிடும். 320 வரிசை உணர்கருவிகள் கொண்ட சிடி வந்தபோது நிலைமை மாறியது. மேசை நகராமலே, ஒரே சுற்றில், 16 சென்டிமீட்டர் உயரத்தை மொத்தமாக எடுத்துவிடும். மண்டையோட்டின் அடியிலிருந்து உணவுக்குழாயின் மேல்பகுதி வரை அதற்குள் அடங்குகிறது. ஜப்பானின் ஃபுஜிட்டா சுகாதாரப் பல்கலைக்கழகத்தில் இதை முழுங்குவதற்குப் பயன்படுத்தினார்கள். சாய்வு நாற்காலி ஒன்றைச் செய்து, நோயாளியை 45 டிகிரி சாய்த்துக் கருவிக்குள் வைத்து, நொடிக்குப் பத்து முப்பரிமாணப் படங்கள் எடுத்தார்கள்.

அதில் கிடைத்த ஒரு தகவல் எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர் போல நீர்த்த திரவத்தை முழுங்கும்போது, கெட்டியான திரவத்தை முழுங்குவதைவிட முன்கூட்டியே குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. வேகமாக ஓடிவருவது வாயில் இருக்கும்போதே தொண்டைக்குத் தகவல் போய்விடுகிறது, கதவு சீக்கிரம் சாத்தப்படுகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கஞ்சிப் பதத்தில் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. சீக்கிரம் மூட முடியாத கதவுக்கு, மெதுவாக வரும் விருந்தாளி.

நரம்பில் அயோடின் மருந்து ஏற்றிக்கொண்டு எடுத்தால் சிடியில் தமனியும் பளிச்சென்று தெரியும். எலும்பு எங்கே போகிறது, தமனி எங்கே ஒதுங்குகிறது என்று ஒரே படத்தில் பார்க்கலாம். கதிர்வீச்சும் மருந்தும் இருப்பதால் காரணமில்லாமல் யாருக்கும் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் ஓரிரு மிடறுகளுக்குத்தான்.

எலும்பும் தமனியும் மோதும்போது

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட் ஈகிள் என்ற மருத்துவர் 1937-ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து முள் மாதிரி ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக இரண்டரை மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அதன் நுனியிலிருந்து ஒரு நார் இறங்கி நாவடி எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. இந்த முள் நீண்டோ, நார் எலும்பாக இறுகியோ போனவர்களில் சிலருக்கு முழுங்கும்போது தொண்டையில் குத்தும், காதுப் பக்கம் வலிக்கும். வேறு சிலருக்கு அந்த முள் தமனியையே அழுத்தும். தலையை ஒரு பக்கம் திருப்பும்போது மயக்கம் வரலாம். மிக அரிதாகத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதமும் வரலாம்.

நாவடி எலும்பின் கதையும் இதுவே. அதன் கொம்பு நுனி தமனி பிரியும் இடத்துக்கு மிக அருகில் என்று முன்னால் சொன்னேன். சிலருக்குக் கொம்பு நீளமாக இருக்கலாம், சிலருக்குத் தமனி வளைந்து கொம்புக்கு உள்பக்கம் நழுவியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முழுங்கும் ஒவ்வொரு தடவையும் எலும்பு தமனியை உரசிக்கொண்டோ, அழுத்திக்கொண்டோ போகும். ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்த சில நோயாளிகளிடம் இன்னும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. முழுங்கும்போது தமனி எலும்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி, முழுங்கி முடித்ததும் திரும்பிவிட்டது. நாளுக்குப் பல நூறு தடவை. அந்த இடத்தில் கொழுப்புப் படிவும் இருந்தால், அது பிய்ந்து மூளைக்குப் போகும் சாத்தியம் கூடும் என்பது அவர்கள் ஊகம். காரணம் தெரியாமல் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்பப் பக்கவாதம் வந்து, படுத்த நிலையில் எடுத்த ஸ்கேனில் குழாய் பெரிதாக அடைபடாமல் இருந்தால், இப்படியும் இருக்கலாமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை விரல்விட்டு எண்ணும் அளவில் பதிவான நோயாளிகளின் விவரங்கள். கழுத்துத் தமனியால் வரும் பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கொழுப்பு என்ற பழைய கூட்டம்தான். முழுங்குவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் சந்தேகம் வந்துவிட்டால், அதைச் சோதிக்கும் கருவி நம்மூர் ஸ்கேன் சென்டர்களிலேயே இருக்கிறது: அல்ட்ராசவுண்ட். காற்று நிறைந்த தொண்டைக்குள் அதனால் பார்க்க முடியாது, எலும்புக்குப் பின்னாலும் பார்க்க முடியாது. ஆனால் தமனியை அது பார்ப்பதுபோல் வேறெதுவும் பார்ப்பதில்லை. ரத்தம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று வண்ணத்தில் காட்டும். கதிர்வீச்சு இல்லை, மருந்து இல்லை, நோயாளி உட்கார்ந்தே இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் கழுத்து டாப்ளரின்போதே (ரத்த ஓட்டம் பார்க்கும் இந்த அல்ட்ராசவுண்டுக்கு அதுதான் பெயர்), கருவியை அதே இடத்தில் அழுத்தாமல் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் முழுங்கச் சொன்னால் போதும். நாவடி எலும்பு ஒரு கறுப்பு நிழலாக வந்து போகும். நிழல் தமனிக்கு எட்டத்தில் கடந்துபோகிறதா, மேலேயே விழுகிறதா, அந்தக் கணத்தில் குழாய் நசுங்குகிறதா, இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். கருவியை அழுத்திப் பிடித்தால் நாமே தமனியை நகர்த்திவிடுவோம் என்பதால் பழகிய கை வேண்டும். மோதல் உறுதியானால் முப்பரிமாண சிடி எடுத்து, தேவைப்பட்டால் எலும்பின் அந்தக் கொம்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அங்கே ஸ்டென்ட் வைப்பதற்கு முன் யோசிப்பார்கள், ஏனென்றால் தமனியை அழுத்தும் எலும்பு அதற்குள் வைத்த கம்பி வலையையும் நாள்தோறும் அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

பெரியப்பாவுக்கு இப்படி எதுவும் இல்லை. டாப்ளர் எடுத்தவர் தாமாகவே அதையும் பார்த்துவிட்டார். அவருக்கு இருந்தது சாதாரணக் கொழுப்புப் படிவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைத் தாழ்த்தி, கஞ்சிப் பதத்தில் ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்கக் கற்றுக்கொண்டார். முகவாயைத் தாழ்த்தச் சொன்னதுகூட அந்த வீடியோவில் அப்படிச் செய்தபோது கறுப்புக் கோடு நின்றதைப் பார்த்த பிறகுதான். எல்லோருக்கும் அது பொருந்தாது. படம் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவியது என்று செய்யக் கூடாது. படுத்த வாக்கில் ஊட்டுவதை மட்டும் எந்த வீட்டிலும் செய்ய வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது “தலை சுத்துது”, “கழுத்து வலிக்குது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போதா, தலையைத் திருப்பும்போதா, தண்ணீர் குடிக்கும்போதா? சீட்டில் “முழுங்கும்போது” என்ற அந்த ஒரு வார்த்தை ஏறிவிட்டால், ஸ்கேன் அறையில் இருப்பவர் ஜெல்லைத் தடவிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்வார்.